நாணயத்தின் நாணயம்

தமிழில் ஒரு சொல்லை நாம் தினமும் இரண்டு பொருளில் வழங்கி வருகிறோம். சட்டைப் பையில் கிடக்கிற காசும் நாணயம். வாக்குத் தவறாத மனிதனின் குணமும் நாணயம். ஒருவரை நாணயஸ்தர் என்று சொன்னால், அவரிடம் பணம் நிறைய இருக்கிறது என்று யாரும் பொருள் கொள்வதில்லை. நம்முடைய பணத்தை அவரிடம் பயமில்லாமல் கொடுத்து வைக்கலாம் என்றுதான் பொருள் கொள்கிறோம். அதேபோல், எதற்கும் உதவாதவனைச் செல்லாக் காசு என்கிறோம். மனிதனை அளப்பதற்குக் காசையும், காசை அளப்பதற்கு மனிதக் குணத்தையும் நம் முன்னோர்கள் ஏன் துணைக்கு அழைத்தார்கள் என்று நான் பல நாள் யோசித்ததுண்டு.

காரணம் சுலபமானதுதான். காசு என்பது ஒரு வாக்குறுதி. இத்தனை எடை, இத்தனை மாற்று, இன்ன அரசின் பொறுப்பு என்று அது தன் முகத்திலேயே எழுதிக்கொண்டு வருகிறது. முகத்தில் எழுதியதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருந்தால் அது நல்ல காசு. வேறு வேறாக இருந்தால் கள்ளக் காசு. மனிதனுக்கும் இதே இலக்கணம்தானே? சொல்லும் உள்ளமும் ஒன்றாக இருப்பவன் நல்லவன்.

இவ்வளவு சுலபமாக முடிந்துவிடக்கூடிய விஷயத்தில் ஒரு வெள்ளிக் காசு குறுக்கே வந்து விழுந்து என்னைக் குழப்பிவிட்டது. தன் முகத்தில் ஒரு பொய்யை எழுதிக்கொண்டு இரு நூறு ஆண்டுகளுக்கு மேலாக உலகத்தைச் சுற்றி வந்த காசு அது. ஆனால் அதை வாங்கியவர்கள் யாரும் அந்தப் பொய்யால் ஏமாறவில்லை.

மரியா தெரேசா தாலர் என்று அதற்குப் பெயர். ஆஸ்திரியாவை ஆண்ட மரியா தெரேசா ராணியின் உருவம் ஒரு பக்கம். இரட்டைத் தலைக் கழுகு மறுபக்கம். ராணியின் கணவர் 1765-இல் இறந்து போனார். ஆகையால் தலையில் கைம்பெண்ணின் முக்காடு. தோளில் முத்துப் பதித்த ஒரு பதக்கம். கழுகைச் சுற்றி ஓடும் லத்தீன் எழுத்துக்களின் முடிவில் 1780 என்று ஆண்டு. எடை 28 கிராமுக்குச் சற்று மேல். நம் பழைய வெள்ளி ரூபாய் ஒரு தோலா என்றால், இது ஏறக்குறைய இரண்டே கால் தோலாவுக்கும் மேல். ஆறு பங்கில் ஐந்து பங்கு வெள்ளி, மீதி ஒரு பங்கு செம்பு.

ராணி 1780-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் காலமானார். முறைப்படி பார்த்தால், அடுத்த ஆண்டு முதல் மகன் இரண்டாம் ஜோசப்பின் தலை காசில் ஏறியிருக்க வேண்டும். ஏறவும் ஏறியது. ஆனால் செங்கடல் பக்கத்து வியாபாரிகள் மகனுடைய காசைத் தொட மறுத்தார்கள். யேமனில் காப்பிக் கொட்டை விற்ற அராபியனுக்கும், எதியோப்பிய மலைகளில் தோலும் தந்தமும் விற்றவனுக்கும் ஆஸ்திரியா எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது முக்காடு போட்ட அந்த அம்மாளின் முகம் ஒன்றுதான். அந்த முகம் இருந்தால் எடை குறையாது, மாற்றுக் குறையாது. இது தலைமுறை தலைமுறையாகக் கண்ட அனுபவம். பதக்கத்திலுள்ள முத்துக்களை விரல் நுனியால் எண்ணிப் பார்த்து வாங்குவார்களாம். முத்து தேய்ந்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்களாம்.

என்ன செய்வது? வியாபாரம் நடக்க வேண்டும். குன்ஸ்பர்க் என்ற ஊரிலிருந்த நாணயசாலை, இறந்த ராணியின் உருவத்தையே, அதே 1780 என்ற ஆண்டோடு தொடர்ந்து அச்சடித்தது. பிறகு வியன்னா, மிலான், வெனிஸ் என்று பல நாணயசாலைகள் அதே வேலையைச் செய்தன. ஆஸ்திரியாவில் 1858-இல் அது செல்லாக் காசாயிற்று. எதியோப்பியாவிலோ 1945 வரை செல்லுபடியாயிற்று. யேமனிலும் ஓமனிலும் 1960-கள் வரைகூடக் கைமாறியது. எதியோப்பியச் சக்கரவர்த்தி மெனெலிக் 1894-இல் தம்முடைய உருவத்தோடு புதுக் காசு அடித்துப் பார்த்தார். குடிமக்களோ பழைய ராணியை விடுவதாயில்லை. மொத்தத்தில் 30 கோடிக்கும் மேற்பட்ட காசுகள் அச்சாகியிருப்பதாகச் சொல்லுகிறார்கள். வியன்னா நாணயசாலை இன்றைக்கும் அதை அடித்து விற்கிறது. இன்று காலையில் அடித்த காசிலும் ஆண்டு 1780-தான்.

ராணியின் தோளுக்குக் கீழே எஸ், எஃப் என்று இரண்டு சிறு எழுத்துக்கள் இருக்கின்றன. குன்ஸ்பர்க் நாணயசாலையில் பொறுப்பாயிருந்த ஷோபல், ஃபாபி என்ற இரண்டு அதிகாரிகளின் பெயர் முதலெழுத்து அவை. "இந்தக் காசின் எடைக்கும் மாற்றுக்கும் நாங்கள் பொறுப்பு" என்று அவர்கள் போட்ட கையெழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாயிற்று. அவர்களுடைய கையெழுத்து மட்டும், அவர்கள் கண்ணால் காணாத காசுகளுக்கெல்லாம் ஜாமீன் நின்றுகொண்டிருக்கிறது.

இப்போது சொல்லுங்கள்: 1935-இல் அடித்து 1780 என்று பொறித்த காசு, நல்ல காசா, கள்ளக் காசா?

கேள்வியை ஏட்டுக் கேள்வி என்று தள்ளிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் அது ஒரு நாள் என் வீட்டுத் திண்ணைக்கே நடந்து வந்துவிட்டது.

எங்கள் தெருக்கோடியில் இருக்கும் ஒரு வயதான அம்மாள், கைக்குட்டையில் முடிந்து கொண்டு வந்த ஒரு காசை என் முன் அவிழ்த்து வைத்தார். அவருடைய தகப்பனார் 1950-களில் ஏடன் துறைமுகத்தில் ஒரு காப்பி ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கு எழுதியவர். பிரிட்டிஷார் 1967-இல் ஏடனை விட்டுப் போவதற்கு முன்பே ஊர் திரும்பியவர், மகளுக்கென்று வைத்துவிட்டுப் போனது இந்த ஒரு காசு. "1780-ன்னு போட்டிருக்கு, தம்பி. இரு நூத்தம்பது வருஷத்துக் காசு. பேத்திக்குக் காலேஜிலே பணம் கட்டணும். நீங்க படிச்சவர். என்ன பெறும்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

நான் காசு சேகரிப்பவன் அல்ல. கதை ஒன்றுக்காக இந்தக் காசின் வரலாற்றைப் படித்திருந்தேன், அவ்வளவுதான். ஆகவே நாணய ஆராய்ச்சியில் பழுத்த என் நண்பர் ஒருவரிடம் அம்மாளை அழைத்துப் போனேன். அவர் முதலில் தராசில் வைத்தார். எடை சரியாக இருந்தது. விட்டத்தை அளந்தார்; நாலு சென்டிமீட்டர். விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வார்த்தெடுத்த போலியாக இருந்தால் விளிம்பில் இரண்டு அச்சும் சேர்ந்த தையல் கோடு தெரியும். எழுத்துக்கள் சோப்புக் கட்டியில் எழுதியதுபோல் மழுங்கியிருக்கும். இதில் அந்தக் குற்றம் ஒன்றுமில்லை. விளிம்பைச் சுற்றி லத்தீன் எழுத்துக்கள் எடுப்பாக நின்றன. பிறகு பூதக் கண்ணாடியை வைத்துப் பதக்கத்து முத்துக்கள், கழுகின் வால் இறகுகள், எழுத்துக்களுக்கு நடுவிலுள்ள புள்ளிகள் என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். எந்த நாணயசாலை, எந்தக் காலம் என்பதையெல்லாம் இந்தச் சின்னச் சின்ன வித்தியாசங்கள்தான் காட்டிக் கொடுக்குமாம்.

"சுத்தமான வெள்ளிக் காசு. அசல் நாணயசாலையில் அடித்தது. ஆனால் 20-ஆம் நூற்றாண்டு அச்சு. வெள்ளிக்கு என்ன விலையோ அதற்குக் கொஞ்சம் மேலே போகும், அவ்வளவுதான்" என்றார் நண்பர்.

அம்மாளின் முகம் வாடிவிட்டது. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படின்னா எங்க அப்பாவை யாரோ ஏமாத்திட்டாங்களா?" என்று கேட்டார்.

காலேஜ் பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. தகப்பனாரைப் பற்றிக் கேட்டார்.

"இல்லை, அம்மா. ஏடனில் இதைக் கொடுத்தவனும் வெள்ளி என்றுதான் கொடுத்தான். உங்கள் அப்பாவும் வெள்ளி என்றுதான் வாங்கினார். சொன்ன எடை இருக்கிறது, சொன்ன மாற்று இருக்கிறது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை" என்றேன். அது ஆறுதலுக்காகச் சொன்ன வார்த்தை அல்ல; உண்மை.

எப்படி உண்மை என்று சற்று விளக்க வேண்டும். பொய் என்பது வெறும் சொல்லில் இல்லை. அந்தச் சொல்லை நம்பி ஒருவன் ஒரு காரியம் செய்து, அதனால் அவன் நஷ்டப்படும்போதுதான் அது பொய்க்குரிய விஷத்தைப் பெறுகிறது. வாய்மைக்கு இலக்கணம் சொல்ல வந்த வள்ளுவர், நடந்ததை நடந்தபடி சொல்வது என்று சொல்லவில்லை. பிறருக்குத் தீமை இல்லாததைச் சொல்வது என்றார். செங்கடல் வியாபாரி யாரும் 1780 என்ற எண்ணுக்காகக் காசு கொடுக்கவில்லை. அவனுக்கு அது ஒரு முத்திரை. நம் ஊரில் தாத்தா பெயரில் ஒரு ஜவுளிக் கடை இருக்கிறது. தாத்தா போய் அறுபது வருஷம் ஆகிறது. பெயர்ப் பலகையைப் பார்த்து, 'தாத்தா உள்ளே உட்கார்ந்திருக்கிறார்' என்று யாராவது நம்பி ஏமாறுகிறோமா? தாத்தா காலத்துத் தரம் இருக்கிறது என்றுதான் நம்புகிறோம். தரம் இருக்கிற வரையில் பலகை பொய் சொல்லவில்லை.

ஆனால் இதே காசைச் சேகரிப்பவரின் மேஜைக்குக் கொண்டு போங்கள், கதை மாறிவிடுகிறது. அவருக்கு வெள்ளி இரண்டாம் பட்சம். அவர் விலை கொடுப்பது காலத்துக்கு. ராணி உயிரோடிருந்தபோது, அந்த இரு அதிகாரிகளின் கண் முன்னால் அடித்த காசு என்றால் அவர் பல மடங்கு விலை தருவார். அதே வெள்ளி, அதே முகம், அதே எழுத்து. விலை மட்டும் வேறு. இதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல நான் தயாராயில்லை. பாட்டி கையால் கொடுத்த வெண்கலப் பானையையும், கடையில் அதே அளவில் வாங்கிய பானையையும் நாம் ஒன்றாகவா பார்க்கிறோம்? ஒரு பொருள் எந்தக் கைகளைக் கடந்து வந்தது என்பதும் அந்தப் பொருளின் ஒரு பகுதிதான். அதற்கு விலை கொடுக்க ஒருவர் முன்வந்தால், அவரிடத்தில் 1780 என்ற எண் வெறும் முத்திரையாக இருக்க முடியாது. அது ஒரு சாட்சியம் ஆகிவிடுகிறது. நேற்று வரையில் கள்ளமற்றிருந்த எண், இங்கே வந்ததும் பொய்ச் சாட்சி சொல்லத் தொடங்குகிறது. காசு மாறவில்லை. அதைக் கொடுக்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவே இருக்கிற நம்பிக்கை மாறியிருக்கிறது.

அந்த அம்மாளுக்குத் தங்கை மகன் ஒருவன் உண்டு; கெட்டிக்காரன். அவன் யோசனை சொன்னான்: "பெரியம்மா, பழைய காசுன்னா உயிரை விடுற ஒருத்தரை எனக்குத் தெரியும். நாம ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம். காசை மேஜை மேலே வைப்போம். அதிலேயே 1780-ன்னு போட்டிருக்கு. அவரே பார்த்து, அவரே விலை சொல்லட்டும். நாம வாயைத் திறந்தாத்தானே பாவம்?"

இந்த யோசனை அவனுடைய சொந்த யோசனை என்று அவன் எண்ணியிருக்கலாம். அதற்கு வயது இரண்டாயிரத்துக்கு மேல் ஆகிறது. ரோமாபுரி அறிஞர் சிசரோ கி.மு. 44-இல் தம் மகனுக்காகக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு வழக்கை எடுத்து வைக்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்ஸாந்திரியாவிலிருந்து ஒரு வியாபாரி தானியக் கப்பலோடு வந்து சேருகிறான். தனக்குப் பின்னால் இன்னும் பல தானியக் கப்பல்கள் வருவதை அவன் வழியில் பார்த்திருக்கிறான். அதைச் சொன்னால் விலை இறங்கிவிடும். அவன் நல்லவன், ஆகவே கேட்கிறான்: சொல்ல வேண்டுமா, வேண்டாமா?

டயோஜனிஸ் என்ற ஆசிரியர் வேண்டாம் என்கிறார். சட்டம் கேட்கிற குறைகளைச் சொன்னால் போதும். சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு. தெரிந்ததையெல்லாம் சொல்லித்தான் தீர வேண்டுமென்றால் உலகத்தில் எதையும் விற்கவே முடியாது என்பது அவர் கட்சி. அவருடைய மாணாக்கரான அந்திபாதர், சொல்லத்தான் வேண்டும் என்கிறார். மனிதன் மனிதனுக்கு உதவப் பிறந்தவன். எதிரில் நிற்பவனுக்குத் தெரிந்தால் பயன்படும் என்ற ஒன்றை உன் லாபத்துக்காக மூடி வைத்தால், அந்த உறவு என்ன ஆகிறது என்று கேட்கிறார். சிசரோ மாணாக்கரின் பக்கம் சேருகிறார்.

அதே நூலில் நம்முடைய விஷயத்துக்கு இன்னும் நெருக்கமான கேள்வி ஒன்றும் உண்டு. ஒருவன் தங்கத்தைப் பித்தளை என்று நினைத்து விற்க வருகிறான். வாங்குகிறவனுக்கு அது தங்கம் என்று தெரியும். ஆயிரம் காசு பெறுமானமுள்ளதை ஒரு காசுக்கு வாங்கிக்கொண்டு போகலாமா? தெரியாமல் கள்ளக் காசை வாங்கிவிட்டவன், தெரிந்த பிறகு அதை வேறொருவன் தலையில் கட்டலாமா? டயோஜனிஸ் கட்டலாம் என்றாராம். அந்திபாதர் கூடாது என்றாராம். பஸ்ஸில் வந்து சேர்ந்த கிழிந்த நோட்டை அடுத்த பஸ்ஸில் இருட்டில் தள்ளிவிடுகிற நாம் எல்லோரும், தெரிந்தோ தெரியாமலோ டயோஜனிஸின் சீடர்கள்.

டயோஜனிஸ் சொல்வதில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அறிவும் ஒரு முதல்தான். என் நண்பர் முப்பது ஆண்டு கண்ணைக் கெடுத்துக்கொண்டு கழுகின் வால் இறகுகளை எண்ணக் கற்றிருக்கிறார். குப்பைக் கடையில் கிடக்கிற அபூர்வக் காசை அவர் கண்டுபிடித்தால், அந்தக் கண்ணுக்கு ஒரு கூலி வேண்டாமா? வேண்டும். இரண்டு வியாபாரிகள் சரிசமமாக நின்று பேரம் பேசும்போது, ஒவ்வொருவரும் தம் சாமர்த்தியத்தைக் காட்டட்டும். அது ஒரு விளையாட்டு. இருவருக்கும் விதி தெரியும். ஆனால் ஒருவர் வந்து, "இது என்ன, சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டால் விளையாட்டு முடிந்துவிட்டது. அதற்கு மேல் மௌனமும் ஒரு பதில்தான். அது பொய்யான பதில். கேட்கக்கூடத் தெரியாமல் ஒருவர் நிற்கிறார் என்றால் பொறுப்பு இன்னும் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. அறிவுக்குக் கூலி வாங்கலாம். பிறருடைய அறியாமையைப் பிழிந்து லாபம் எடுப்பது வேறு சங்கதி.

இதைக் கண்டுகொள்ள எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான். நாளைக்கு அந்த மனிதருக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தெருவில் எதிரே வருகிறார். நான் அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்து, நின்று பேச முடியுமா? அல்லது வேறு சந்தில் திரும்பி நடப்பேனா? சந்தில் திரும்ப வேண்டியிருந்தால், நான் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லாதிருந்தும் கள்ளக் காசு கொடுத்திருக்கிறேன் என்றே அர்த்தம்.

அந்த அம்மாள் சிசரோவைப் படித்தவரல்ல. தங்கை மகனுடைய யோசனைக்கு அவர் சொன்ன பதில் இது: "நேத்து வரைக்கும் காசு சொல்லும்னு விட்டிருக்கலாம்டா. இப்போ அது சொல்றது நிஜமில்லைன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சே!" காசை வெள்ளி விலைக்கே கொடுத்துவிட்டார். பேத்தியின் பணத்துக்கு அது கால்வாசிகூடக் காணவில்லை. மீதிக்குக் கையிலிருந்த வளையல் ஒன்று போயிற்று. நல்லதைச் செய்தால் நஷ்டமே வராது என்று கதை எழுதுகிறவர்கள் எழுதலாம். வளையல் போனது போனதுதான். அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

விளிம்பில் எடுப்பாக நின்ற லத்தீன் எழுத்துக்களைப் பற்றிச் சொன்னேனல்லவா? அதன் பொருள்: "நீதியும் கருணையும்." அது மரியா தெரேசாவின் கொள்கை வாசகம். 1776-இல் விசாரணையில் சித்திரவதை செய்யும் வழக்கத்தை ஒழித்தவர் அவர்தான். 1744-இல் பிராக் நகரத்து யூதக் குடும்பங்களைக் குளிர் காலத்தில் வெளியேற்ற உத்தரவிட்டவரும் அவர்தான். அந்த வாசகத்தைத் தாங்கிய காசைக் கொடுத்துக் காப்பி வாங்கினார்கள். அதே காசைக் கொடுத்து ஆப்பிரிக்காவில் மனிதர்களை அடிமைகளாகவும் வாங்கினார்கள். எதியோப்பியாமீது படையெடுத்த முசோலினி, 1935-இல் ஆஸ்திரியாவிடமிருந்து அச்சுக்களைப் பெற்று ரோமாபுரியில் இந்தக் காசை அடித்துக் குவித்தார். அந்த நாட்டு மக்கள் வேறு எந்தக் காசையும் நம்பமாட்டார்கள் என்பதால். அடுத்த சில ஆண்டுகளில் லண்டனும் பாரிஸும் பிரஸ்ஸல்ஸும் அடித்தன. 1940-லும் 1941-லும் நம் பம்பாய் நாணயசாலையிலேயே அது லட்சக்கணக்கில் அச்சாயிற்று. வியன்னாவைக் கனவிலும் கண்டிராத நம் ஊர்த் தொழிலாளர்கள், இறந்து 160 ஆண்டுகளான ராணிக்கு முக்காடு போட்டு அனுப்பி வைத்தார்கள்.

இத்தனை கைகளில் புகுந்து வந்தும் அந்தக் காசு தன் எடையில் குறையவில்லை, மாற்றில் குறையவில்லை. உலோகத்தால் செய்யக்கூடிய நாணயம் அவ்வளவுதான். அதை அது செய்துவிட்டது. அடிமையை வாங்கும் கையிலும் அது 28 கிராம்தான், அரிசி வாங்கும் கையிலும் 28 கிராம்தான். நீதியையும் கருணையையும் அதன் விளிம்பில் பொறிக்கலாம். அதன் உள்ளே வைக்க முடியாது. அந்தப் பங்கை மனிதர்களுக்கென்று விட்டிருக்கிறது.

ஆகவே நல்ல காசா, கள்ளக் காசா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். காசைப் பார்த்து மட்டும் அதைச் சொல்லிவிட முடியாது. எடையைத் தராசு சொல்லும், வயதைப் பூதக் கண்ணாடி சொல்லும். யார் யாரிடம் என்ன சொல்லிக் கொடுத்தார், என்ன சொல்லாமல் கொடுத்தார் என்பதையும் கேட்டுக்கொண்ட பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஒரே சொல்லை இரண்டு பொருளில் வைத்த நம் முன்னோர்கள் இந்தச் சிக்கலை அறியாதவர்களாக எனக்குத் தோன்றவில்லை. கையிலிருக்கிற நாணயத்தைச் சோதிக்கிற போதெல்லாம், கொடுக்கிறவனுடைய நாணயத்தையும் சேர்த்துச் சோதித்துக்கொள்ளட்டும் என்றே அவர்கள் அப்படி வைத்திருக்க வேண்டும்.